மருமகனுக்கு மூளையில் ஜெர்ம் செல் கட்டி: ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டாம் என்கிறார்கள், சரிதானா?

தேவகோட்டை அம்மான் | மார்ச் 4, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். என் தங்கச்சி மகனுக்காக எழுதுகிறேன். பன்னிரண்டு வயது, ஏழாவது படிக்கிறான். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருப்பதால் ஆஸ்பத்திரிக்கு அலைவது நான்தான்.

தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கிற காவடிகளைப் பார்க்கக் குன்றக்குடிக்கு எல்லாரும் போயிருந்தோம். அடிவாரத்தில் நின்று, "மேலே கோயிலைப் பார்டா" என்றேன். பையனுக்குக் கண் மேலே ஏறவில்லை. தலையை முழுக்கப் பின்னால் சாய்த்துத்தான் பார்த்தான். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்தோம். அதற்கப்புறம் காலையில் எழுந்தால் தலைவலி, ஒரு வாந்தி. வாந்தி எடுத்ததும் தெளிந்து பள்ளிக்கூடம் போய்விடுவான். பித்தம் என்றோம். கடைசியில் கண்ணாடி போடலாம் என்று கண் டாக்டரிடம் போன இடத்தில், கண் நரம்பு வீங்கியிருக்கிறது, இன்றைக்கே தலையை ஸ்கேன் எடுங்கள் என்று அவர் மதுரைக்கு அனுப்பினார்.

எம்.ஆர்.ஐ.யில் பினியல் என்ற இடத்தில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. ஹார்மோன் சுரக்கிற பிட்யூட்டரிக்குப் போகிற தண்டும் தடித்திருக்கிறதாம். மூளைக்குள் நீர் ஓடுகிற வழி அடைத்திருக்கிறது. ஜெர்ம் செல் கட்டியாக இருக்கலாம், முதலில் ரத்தத்தில் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. பார்க்க வேண்டும், அப்புறம் குழாய் விட்டு நீருக்கு வழி செய்து ஒரு துணுக்குச் சதை மட்டும் எடுப்போம், கட்டியை முழுசாக எடுக்க வேண்டியிருக்காது என்கிறார்கள்.

வீட்டில் யாருக்கும் மனசு ஒப்பவில்லை. கட்டி என்றால் எடுக்க வேண்டாமா? பங்காளிகள் எல்லாம் வேறு ஆஸ்பத்திரி பார் என்கிறார்கள். இதற்கிடையில் ரத்தம் கொடுக்கப் போன லேபில், "எச்.சி.ஜி. கர்ப்பத்துக்குப் பார்க்கிற டெஸ்ட், பையனுக்கு எழுத மாட்டார்கள், மாற்றி வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை நாள் போனது. எங்கள் ஆத்தா 'ஜெர்ம்' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பேரனுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காரைக்குடி குழந்தை மருத்துவர் | மார்ச் 4, இரவு 11.35

ஐயா, உங்கள் மதுரை டாக்டர்கள் சரியான வரிசையில்தான் போகிறார்கள். காரைக்குடியில் குழந்தைகளைப் பார்க்கிறேன், படிக்கிற காலத்தில் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஆத்தாவிடம் சொல்லுங்கள்: இது கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது. இங்கே ஜெர்ம் என்றால் முளை. கரு உண்டான நான்காவது வாரம் வாக்கில், பிற்பாடு முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆக வேண்டிய செல்கள் மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி உடம்பின் நடுக்கோட்டையொட்டி நகர்ந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும். அதில் சில வழிதப்பி நடுக்கோட்டிலேயே தங்கிவிடும். தலையில் அப்படித் தங்கியவை பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் வளரும்: ஒன்று பினியல், இன்னொன்று பிட்யூட்டரிக்கு மேலே. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது. பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள்தான் அதிகம் வரும். பினியலில் வருவது பையன்களுக்குப் பல மடங்கு அதிகம். ஜப்பான், கொரியா பக்கம் மேற்கு நாடுகளைவிடக் கூடுதலாக வருகிறது. நீங்கள் எதையோ சாப்பிடக் கொடுத்ததாலோ, செல்போன் பார்த்ததாலோ வந்தது இல்லை.

குன்றக்குடியில் நீங்கள் கண்டது முக்கியமான அடையாளம். பினியலுக்கு நேர் கீழேதான் கண்ணை மேலே தூக்குகிற நரம்புக் கூட்டம் இருக்கிறது. கட்டி அதை அழுத்தினால் பார்வை மேலே ஏறாது. பாரினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பேரால் அதைச் சொல்வார்கள்.

ஏன் முழுசாக எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். இந்தக் குடும்பத்தில் ஜெர்மினோமா என்று ஒன்று உண்டு. கதிர்வீச்சு பட்டால் வெண்ணெய் உருகுகிற மாதிரி உருகிவிடும். முறையாகச் சிகிச்சை எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பினியலோ மூளையின் நட்ட நடுவில், பெரிய ரத்தக் குழாய்கள் கூடுகிற இடத்தில் இருக்கிறது. தானே கரையக்கூடிய கட்டிக்காக அங்கே வெட்டிக்கொண்டு போய் ஆபத்தை வாங்குவதில் பலன் இல்லை. முழுசாக எடுத்தவர்கள் கூடுதலாகப் பிழைத்ததாகவும் இல்லை.

இதில் ஜெர்மினோமா அல்லாத வகைகளும் உண்டு. அவற்றில் சில ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் தடயம் விடும். மஞ்சள்கருப் பை வகை ஏ.எஃப்.பி. சுரக்கும். நச்சுக்கொடி போன்ற செல்கள் எச்.சி.ஜி. சுரக்கும், கர்ப்பத்தில் வருகிற அதே எச்.சி.ஜி. அதனால்தான் பையனுக்கும் எழுதினார்கள். லேப் திருப்பி அனுப்பியது தப்பு, சண்டை போட்டாவது கொடுத்துவிட்டு வாருங்கள். ஐரோப்பிய நெறிமுறையில் ஏ.எஃப்.பி. 25-ஐத் தாண்டினால் சதை எடுக்காமலேயே வகையை முடிவு செய்து மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் அந்தக் கோடு இன்னும் கீழே, 10. இவை கோட்டைத் தாண்டாமல் இருந்தால்தான் சதை பார்க்க வேண்டும். நீருக்கு வழி செய்கிற அதே குழாய் வழியாக அதையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். ஒரே மயக்கத்தில் இரண்டு வேலை.

ஒன்றை மறக்க வேண்டாம். முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று கேளுங்கள். நீர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

---

பள்ளத்தூர் ஆச்சி | மார்ச் 5, காலை 5.20

தம்பி, என் மகளுக்கு ஒன்பது வயதில் இதே நோய் வந்தது. அவளுக்குப் பிட்யூட்டரிக்கு மேலே. இப்போது பதினைந்து வயது, பத்தாவது எழுதப் போகிறாள். மற்றதெல்லாம் டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஒன்றுதான் கேட்கிறேன்: உங்கள் பையன் தண்ணீர் நிறையக் குடிக்கிறானா? ராத்திரி எழுந்து எழுந்து ஒன்றுக்குப் போகிறானா?

---

தேவகோட்டை அம்மான் | மார்ச் 5, காலை 7.05

ஆச்சி, நேற்று இதை எழுதவே தோன்றவில்லை. தங்கச்சியிடம் கேட்டேன். போன ஆடியிலிருந்தே இரண்டு லிட்டர் பாட்டிலோடுதான் பள்ளிக்கூடம் போகிறானாம். பாதி வகுப்பில் எழுந்து எழுந்து வெளியே போகிறான் என்று டீச்சர் இரண்டு தரம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சேட்டை என்று நாங்களும் திட்டினோம்.

---

பள்ளத்தூர் ஆச்சி | மார்ச் 5, காலை 7.40

அதேதான் தம்பி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. சித்திரை வெயிலில் ஆரம்பித்தது, அதனால் எல்லாரும் சூடு என்றார்கள். ஐப்பசி மழையிலும் நிற்கவில்லை. ராத்திரி விளக்குப் போடாமல் பட்டாலையைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, சமையல்கட்டுப் பானை வரைக்கும் தனியாகப் போவாள். பேய் பயம் உள்ள பிள்ளை, அந்த இருட்டில் தண்ணீருக்காக நடந்தது. மூடியை அவள் எடுத்து வைக்கிற சத்தத்துக்கு எனக்கு விழிப்பு வரும். படுக்கை நனைந்தது. மாமியார் பயந்த கோளாறு என்று தாயத்துக் கட்டினார்கள். ஒரு டாக்டர் சர்க்கரை பார்த்தார், சர்க்கரை இல்லை, பயப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். பூச்சி மருந்து கொடுத்தோம்.

ஒரு நாள் அரை லிட்டர் சொம்பை எடுத்து வைத்துக்கொண்டு அவள் குடிப்பதையெல்லாம் கோடு போட்டு எண்ணினேன். பன்னிரண்டு கோடு. ஆறு லிட்டர்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் வளவில் பிள்ளைகளின் உயரத்தைப் பட்டாலைத் தூணில் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். பர்மா தேக்குத் தூண், மாமனார் காலத்துக் கோடெல்லாம் அதில் இருக்கிறது. என் மகளும் கொழுந்தனார் மகளும் ஒரே உயரம். மறு வருஷப் பொங்கலுக்குக் கோடு போட்டபோது அந்தப் பிள்ளை நாலு விரல் ஏறியிருந்தாள். என் மகளுக்கு அன்றைக்குப் போட்ட கோடு பழைய கோட்டின் மேலேயே விழுந்தது. தூணைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

முதல் எம்.ஆர்.ஐ.யில் தண்டு லேசாகத் தடிப்பு, அவ்வளவுதான். அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர், இதை விடக்கூடாது என்று ஆறு மாதத்தில் திரும்ப எடுக்கச் சொன்னார். அதில்தான் கட்டி தெரிந்தது. ஆகவே இப்போதே ஒரு நோட்டுப் போடுங்கள் தம்பி. குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மணி என்ன. இந்த நோயில் மருந்தைவிட அந்த நோட்டுதான் எனக்கு அதிகம் உதவியது.

---

காரைக்குடி குழந்தை மருத்துவர் | மார்ச் 5, மதியம் 2.10

ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. சிறுநீரைச் சுண்ட வைக்கிற வாசோபிரசின் என்ற ஹார்மோன் அந்தத் தண்டு வழியாகத்தான் இறங்குகிறது. தண்டில் கட்டி உட்கார்ந்தால் அது நின்றுபோகும். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டயபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர், 2022-லிருந்து வாசோபிரசின் குறைபாடு என்றே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். தலைவலி வருவதற்குப் பல மாதம் முன்னாலேயே தாகம் வந்துவிடும். அந்த மாதங்களைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம்.

ஐயா, அறுவைக்கு முன் வீக்கம் குறைய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவார்கள். கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு இந்தத் தாகம் ஓரளவு அடங்கியே இருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனதும் சிறுநீர் பீறிட்டுக்கொண்டு வரும். டியூட்டி நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

தேவகோட்டை அம்மான் | மார்ச் 9, இரவு 9.15

நீங்கள் சொன்னபடியே நடந்தது டாக்டர். ஊசி போட்ட அன்று ராத்திரி ஏழு லிட்டர். டிரிப்ஸ் ஏறுவதால் என்று முதலில் சொன்னார்கள். நோட்டைக் காட்டினேன். உடனே சோடியம் பார்த்தார்கள், 151, ஏறியிருந்தது. வாசோபிரசினுக்குப் பதிலாகக் கொடுக்கிற டெஸ்மோபிரசின் ஆரம்பித்தார்கள். பையன் எட்டு மாதத்துக்கப்புறம் விடியும் வரைக்கும் தூங்கினான்.

ஏ.எஃப்.பி. சாதாரணம். எச்.சி.ஜி. 38, லேசான கூடுதல்தான். குழாய் ஆபரேஷன் முடிந்தது, மூன்றாவது வென்ட்ரிக்கிள் என்ற மூளை நீர் அறையின் அடித்தளத்தில் ஒரு துளை போட்டு நீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். நீரை வடிக்க உள்ளேயே பதிக்கிற ஷண்ட் குழாய் வைக்கவில்லை. முதுகெலும்பு சுத்தம். சதை ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறோம். ஆத்தா தட்டைச் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

---

கண்டனூர் அண்ணன் | மார்ச் 14, காலை 8.30

ரிப்போர்ட் ஜெர்மினோமா என்று கேள்விப்பட்டேன். முருகன் காப்பாற்றுவான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வளருகிற பிள்ளையின் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். என் பெரியப்பா மகனுக்குச் சின்ன வயதில் வேறொரு மூளைக் கட்டிக்காகத் தலைக்கும் முதுகுக்கும் கொடுத்தார்கள். உயிர் இருக்கிறது, படிப்பு ஏறவில்லை, ஆள் வளரவும் இல்லை. முப்பது வயதாகிறது, பெரியம்மாதான் எல்லாம் பார்க்கிறார்கள். கட்டி மருந்துக்குக் கரையும் என்றால் கீமோ மட்டும் போதுமே?

---

காரைக்குடி குழந்தை மருத்துவர் | மார்ச் 14, இரவு 10.20

அண்ணே, உங்கள் பயம் நியாயமானது, உங்கள் வீட்டில் பட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதையே உலகமெங்கும் டாக்டர்கள் கேட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள். கதிர்வீச்சே இல்லாமல் கீமோ மட்டும் கொடுத்த பன்னாட்டு ஆய்வு 1996-ல் வெளிவந்தது. மருந்துக்குக் கட்டி கரைந்தது உண்மை, ஆனால் ஜெர்மினோமா பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திரும்பி வந்தது. அந்தக் கதவு அப்படி மூடியது.

அப்புறம் ஐரோப்பாவில் கீமோ கொடுத்துக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் அதன் முடிவு வந்தது. அப்படிச் சிகிச்சை எடுத்த 65 பேரில் 7 பேருக்குத் திரும்பியது, அதில் 6 பேருக்குக் கதிர் படாத வென்ட்ரிக்கிளில். அதிலிருந்துதான் இன்றைய வழி வந்தது: கீமோவால் கட்டியைச் சுருக்கிவிட்டு, மூளையின் நீர் அறைகள் முழுவதற்கும் குறைந்த அளவு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். பரவாத கட்டி என்றால் முதுகைத் தொடுவதில்லை. உங்கள் தம்பிக்குக் கொடுத்தது மூளை, முதுகு முழுவதற்குமானது, அளவும் இதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நான்கு வயதுப் பிள்ளையைவிட இதை நன்றாகத் தாங்கும் என்பதும் உண்டு.

பாதிப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஹார்மோன் குறையலாம், படிப்பில் வேகம் குறையலாம், பல வருஷம் கழித்து ரத்தக் குழாய்ச் சிக்கலோ வேறு கட்டியோ வரச் சிறிய வாய்ப்பு உண்டு. அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

தேவகோட்டை அம்மான் | மார்ச் 15, காலை 6.45

புரோட்டான் என்று ஒரு வகைக் கதிர்வீச்சு சென்னையில் இருக்கிறதாமே? மாப்பிள்ளை வளவில் உள்ள பங்கை விற்றாவது கொடுப்போம் என்கிறார். பதினேழு பங்கு உள்ள வீடு. அத்தனை பேர் கையெழுத்து வாங்குவதற்குள் வருஷம் ஓடிவிடும்.

---

காரைக்குடி குழந்தை மருத்துவர் | மார்ச் 15, மதியம் 1.30

வீட்டை விற்க வேண்டாம் ஐயா. 2019-லிருந்து சென்னையில் புரோட்டான் இருக்கிறது. கட்டியைத் தாண்டி அப்பால் உள்ள மூளைக்குப் போகிற கதிரை அது குறைக்கும், அது நல்லதுதான். ஆனால் நோய் குணமாவதில் சாதாரணக் கதிருக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. வென்ட்ரிக்கிள் முழுவதற்கும் கொடுக்கிறபோது சாதாரணக் கதிர் கொடுக்கிற புதிய லீனியர் ஆக்ஸிலரேட்டர் மெஷினிலும் நன்றாகத் திட்டமிட முடியும். குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகிய இடமா என்பதைப் பாருங்கள், மெஷின் பேரை அப்புறம் பார்க்கலாம்.

வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமென்றால் முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஆகும் என்று சொல்கிறேன். புற்றுநோய் நோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு, ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பித் தருவார்கள்.

---

புதுவயல்காரன் | மார்ச் 16, இரவு 11.50

எனக்கு இருபத்தாறு வயது. பதின்மூன்று வயதில் எனக்குப் பினியலில் வந்தது, ஆனால் ஜெர்மினோமா இல்லை. ஏ.எஃப்.பி. பல நூறு இருந்தது. அதனால் சதை எடுக்காமலேயே கீமோ. சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட், ஐஃபாஸ்ஃபமைடு, நான்கு சுற்று. ஐஃபாஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்காமல் இருக்க மெஸ்னா கூடவே ஏறும். மூன்றாவது சுற்றில் ஏ.எஃப்.பி. சாதாரணமானது, ஆனால் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதாகியிருந்தது. அப்பச்சி அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதார். அது மருந்துக்கு அசையாத டெரடோமா, உள்ளே கலந்திருந்தது என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறகு 54 கிரே அளவு கதிர்வீச்சு. எனக்குக் கட்டியை எடுத்தது சரி, உங்கள் மருமகனுக்கு எடுக்காதது சரி. வகை வேறு.

சிஸ்பிளாட்டினால் காதில் கீச்சுச் சத்தங்கள் போய்விட்டன. குருவிச் சத்தம் கேட்காது, மிஷின் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் காது சோதனை செய்யச் சொல்லுங்கள். உங்கள் மருமகனுக்குக் கார்போபிளாட்டின் என்றால் காதுக்கு இவ்வளவு ஆபத்தில்லை, இருந்தாலும் பாருங்கள்.

இன்னொன்று, அம்மாக்கள் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற விஷயம். ஐஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்து கொடுக்கப் போகிறார்கள், பையன் வயசுக்கு வந்துவிட்டான் என்றால், முன்னாடியே விந்தணு சேமிக்க முடியுமா என்று கேட்கலாம். பிட்யூட்டரி நின்றுபோனவர்களுக்கும் பின்னால் ஊசி மூலம் பிள்ளைப்பேறுக்கு வழி உண்டு என்று என் எண்டோகிரைன் டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு இதைப் பதினெட்டு வயது வரைக்கும் யாரும் சொல்லவில்லை. கல்யாணமே கிடையாது என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

---

கோட்டையூர் மருந்தாளர் | மார்ச் 17, மதியம் 3.00

டெஸ்மோபிரசின் பற்றிச் சுருக்கமாக. நம் ஊர்க் கடைகளில் எப்போதும் இருக்காது, தீர்வதற்குப் பத்து நாள் முன்னால் சொல்லி வையுங்கள். மூக்கு ஸ்பிரேயில் சில வகை குளிர்பெட்டியில் வைக்க வேண்டியவை, அட்டையில் பாருங்கள். சளி பிடித்தால் மூக்கு வழியாகச் சரியாக ஏறாது, டாக்டரிடம் கேட்டு மாத்திரைக்கு மாற்றலாம். ஸ்பிரேயும் மாத்திரையும் ஒரே அளவு இல்லை, நீங்களாக மாற்றாதீர்கள்.

---

தேவகோட்டை அம்மான் | ஏப்ரல் 21, இரவு 10.30

என் தவறு ஒன்றை எழுத வேண்டும், வேறு யாரும் செய்யக்கூடாது என்பதற்காக.

இரண்டாவது சுற்றுக் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தோம். சொந்தக்காரர்கள் எல்லாம் கீமோ சூடு, இளநீர் கொடு, மோர் கொடு என்றார்கள். நானும் கொடுத்தேன். நிறையக் குடித்தான், நிறையப் போனான். மருந்து போதவில்லை போல என்று சாயங்காலம் நானே ஒரு ஸ்பிரே கூடுதலாக அடித்தேன். அதற்கப்புறமும் இளநீர் நிற்கவில்லை. மறுநாள் மத்தியானம் தலைவலி, வாந்தி, கூப்பிட்டால் அரைக்கண்ணோடு பதில். கட்டி திரும்பிவிட்டது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சோடியம் 122, மிகவும் இறங்கியிருந்தது.

ஐ.சி.யூ.வில் ஒன்றரை நாள் மெதுவாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்தாம். பையன் பிழைத்தான். டாக்டர் என்னைத் திட்டவில்லை, நோட்டைக் கேட்டார். அந்த இரண்டு நாள் பக்கம் காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்த உற்சாகத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

---

பள்ளத்தூர் ஆச்சி | ஏப்ரல் 22, காலை 5.10

தம்பி, மனசை விடாதீர்கள். நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். அடுத்த வேளை மருந்துக்கு முன்னால் ஒரு தடவை தாராளமாக ஒன்றுக்குப் போகட்டும் என்று விடுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். தாகத்துக்கு மட்டும் தண்ணீர், உபசாரத்துக்கு வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

காய்ச்சலைப் பற்றியும் சொல்லி வைக்கிறேன். கீமோ நடக்கிறபோது உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நடு ராத்திரி என்றாலும் வண்டியை எடுங்கள். கஷாயம் வைத்து விடியட்டும் என்று பார்க்காதீர்கள். கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் எடுக்கிற பிள்ளை என்றால் காய்ச்சல் அன்று அந்த மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், வாந்தியானால் ஊசி. எவ்வளவு என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி எப்போதும் பையில் வைத்திருங்கள். என் மகள் பள்ளிக்கூடப் பையில் ஆறு வருஷமாக அது இருக்கிறது.

---

தேவகோட்டை அம்மான் | ஆகஸ்ட் 2, இரவு 9.40

நாலு சுற்றும் முடிந்தது. மே மாதம் ஒரு ராத்திரி 38.4, ஆச்சி சொன்னதை நினைத்துக்கொண்டு பதினொரு மணிக்கே மதுரைக்குக் கிளம்பினோம். வெள்ளணு அடியோடு இறங்கியிருந்தது. போனவுடனேயே ஊசி ஏறியது.

கீமோவுக்கப்புறம் எம்.ஆர்.ஐ.யில் தழும்பு மாதிரிக் கொஞ்சம் மட்டும் மிச்சம். வென்ட்ரிக்கிளுக்கு 24 கிரே, கட்டி இருந்த இரண்டு இடத்துக்கும் மேலே 12. ஒரு நாளைக்கு 1.5 வீதம் மொத்தம் 24 நாள். முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செய்து மேசையோடு பூட்டுகிறார்கள். முதல் நாள் அலறிவிட்டான். அங்கே வேலை பார்க்கிற தம்பி ஒருவர் மூடியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரி விளையாட விட்டார். மூன்றாம் நாளிலிருந்து அவனாகவே படுத்தான். முடி கொட்டியது, சாப்பாடு கசக்கிறது என்றான், வெள்ளைப் பணியாரம் மட்டும் இறங்கியது. போன வாரம் முடிந்தது.

தைராய்டு மாத்திரை, ஹைட்ரோகார்டிசோன், டெஸ்மோபிரசின் மூன்றும் தொடர்கிறது. வளர்ச்சி ஹார்மோனை நோய் அடங்கிக் குறைந்தது ஒரு வருஷமாவது போகட்டும் என்கிறார்கள். கண் முக்கால்வாசி மேலே ஏறுகிறது. நோட்டை இப்போது அவனே எழுதுகிறான். என்னைவிட ஒழுங்காக எழுதுகிறான்.

---

கண்டனூர் அண்ணன் | ஆகஸ்ட் 3, காலை 7.15

நான் அன்றைக்கு எழுதியதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள், மன்னிக்கணும். கொப்புடையம்மன் கோயிலில் பிள்ளை பேருக்கு அர்ச்சனை செய்தேன். டாக்டர் சொன்னதைப் பார்த்து எங்கள் தம்பியை இந்த மாதம் ஹார்மோன் டாக்டரிடம் காட்டினோம். இத்தனை வருஷத்தில் யாரும் கார்டிசால் பார்க்கவே இல்லை. குறைவாக இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், பத்து நாளாகக் காலையில் தானாக எழுந்திருக்கிறான் என்று பெரியம்மா சொல்கிறார்கள்.

---

கொத்தமங்கலம் மகள் | செப்டம்பர் 11, இரவு 12.20

இந்த இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். என் மகளுக்குப் பத்து வயது. மூன்று மாதமாக ராத்திரி நாலு முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறாள். சர்க்கரை பார்த்தோம், இல்லை. பழக்கம், குடிக்கக் கொடுக்காமல் இருந்தால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். தலைவலி இல்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

---

காரைக்குடி குழந்தை மருத்துவர் | செப்டம்பர் 11, காலை 6.00

அம்மா, தண்ணீரை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். இந்தக் குறைபாடு இருந்தால் சில மணி நேரத்தில் சோடியம் ஏறிவிடும். தண்ணீரை நிறுத்திப் பார்க்கிற சோதனையை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். இப்படித் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் கட்டி இருப்பதில்லை, பலருக்கு வேறு காரணம் இருக்கும். ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. நாளைக் காலை எழுந்ததும் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு வாருங்கள். அதே நேரத்தில் ரத்தமும் எடுத்து, இரண்டிலும் ஆஸ்மோலாலிட்டி, அதாவது எவ்வளவு செறிவு என்று, கூடவே சோடியமும் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் எடுத்த பழைய உயரக் கணக்கு ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள்.

---

பள்ளத்தூர் ஆச்சி | செப்டம்பர் 11, காலை 6.25

கொத்தமங்கலம் எங்களுக்குப் பக்கம்தான். இன்றைக்குச் சாயங்காலம் அளவுச் சொம்பும் நோட்டும் கொண்டுவந்து தருகிறேன், எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன். ராத்திரி எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பதை இன்றையிலிருந்தே குறித்து வை ஆத்தா. வளவுக்குள் எந்த வீடு என்று மட்டும் தனிச்செய்தியில் எழுது.